காய்ச்சல் விட்ட காலை

மூன்று வருடங்களுக்கு முன்பு, தீபாவளிக்கு முந்தைய வாரம். டெல்லி கிட்வாய் நகரில், மத்திய அரசு ஊழியர் குடியிருப்பின் இரண்டாவது மாடியில் இருந்தோம். மனைவிக்கு ஒரு அமைச்சகத்தில் வேலை; வீடு அவளுக்கு ஒதுக்கப்பட்டது. நான் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் செய்திகளைத் திருத்துவது, படங்களுக்குக் கீழே ஒரு வரி எழுதுவது என்று காலம் தள்ளுகிறவன். எங்கள் இருவருக்கும் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். மகள் இங்கேயே பிறந்தவள். அப்போது அவளுக்கு எட்டு வயது. பாதி தமிழ், பாதி ஹிந்தி. கோபம் வந்தால் முழு ஹிந்தி.

அன்று மதியம் பள்ளி வேனிலிருந்து இறங்கும்போதே அவள் கன்னம் சிவந்திருந்தது. பையை என்னிடம் நீட்டிவிட்டு, "அப்பா, தலைக்குள்ள யாரோ டக் டக்னு கதவைத் தட்டுறாங்க" என்றாள். வீட்டுக்குள் வந்து தெர்மாமீட்டர் வைத்தால் நூற்று மூன்று. மறுநாள் ரத்தப் பரிசோதனையில் டெங்கு என்று வந்தது.

டெல்லியில் அந்த மாதத்தில் டெங்கு என்றால் யாரும் அலறுவதில்லை. காலனி மார்க்கெட்டில் இருந்த டாக்டரும் அலறவில்லை. நிறையத் தண்ணீர், காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், தினமும் ஒரு முறை ரத்தப் பரிசோதனை என்று சொல்லி, அச்சடித்த ஒரு சீட்டைக் கொடுத்தார். பக்கம் முழுக்க எழுத்து. அதைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தேன்.

எங்கள் தொழிலில் முக்கியமான விஷயம் முதல் பத்தியிலேயே வந்துவிடும். இடம் போதவில்லை என்றால் செய்தியைக் கீழிருந்து வெட்டுவோம். இருபது வருடமாக அப்படி வெட்டி வெட்டி, எதைப் படித்தாலும் கீழே போகப் போக என் கண் தளர்ந்துவிடும். அந்தச் சீட்டையும் அப்படித்தான் படித்தேன். மேலே இருந்த தண்ணீர், மாத்திரை, ஓய்வு மூன்றும் மனதில் நின்றன. கடைசியில் நான்கு வரிகள் இருந்தன என்பது மட்டும் நினைவில் இருந்தது.

அந்த நான்கு நாட்களை இப்போது நினைத்தால், ஏதோ தண்ணீருக்கு அடியில் இருந்த மாதிரி இருக்கிறது. வெளியே பனியும் புகையும் சேர்ந்து பால் கலந்தது போல ஒரு வெளிச்சம். காலை பத்து மணியும் மாலை நான்கு மணியும் ஒரே நிறத்தில் இருந்தன. திரையை இழுத்துவிட்ட அறையில் மகள் படுத்திருப்பாள். "அப்பா, சீலிங் ரொம்ப தூரமா போகுது" என்பாள். கொஞ்ச நேரம் கழித்து, "வாபஸ் வந்துடுச்சு" என்பாள். நான் அவள் நெற்றியில் ஈரத்துணியை மாற்றுவேன். துணி ஐந்து நிமிடத்தில் சூடாகிவிடும்.

மாலையானால் பரிசோதனைக் கூடத்திலிருந்து போனில் ரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கை வரும். படிக்கட்டில் யார் எதிரே வந்தாலும் "பிளேட்லெட் கித்னா?" என்பார்கள். கிரிக்கெட் ஸ்கோர் கேட்பது போலத்தான் கேட்பார்கள். நானும் சொல்வேன். ஒருவர் பப்பாளி இலை கொண்டு வந்து கொடுத்தார். இன்னொருவர் ஆட்டுப்பால் எங்கே கிடைக்கும் என்று விலாசம் எழுதிக் கொடுத்தார். கீழ் வீட்டுக்காரர் தன் மகனுக்குப் போன வருடம் எண்ணிக்கை எவ்வளவு இறங்கியது என்று சொன்ன விதத்தில் லேசான பெருமைகூட இருந்தது. மகளுடைய எண்ணிக்கை இறங்கியது, ஆனால் பயப்படும் அளவுக்கு இல்லை. எங்கள் கண் அந்த எண்ணிலேயே இருந்தது.

ஐந்தாம் நாள் எங்கள் தீபாவளி. டெல்லிக்காரர்களுக்கு அந்த வருடம் மறுநாள் மாலைதான் தீபாவளி. அதனால் அதிகாலை ஐந்து மணிக்குக் காலனி முழுக்க இருட்டாக இருக்க, தமிழ்க் குடும்பங்களின் சமையலறை ஜன்னல்களில் மட்டும் விளக்கு எரிந்தது. எதிர் பிளாக்கில் மூன்று, பக்கத்தில் இரண்டு. எங்கிருந்தோ நல்லெண்ணெய் காயும் வாசனை வந்தது.

மனைவி உள்ளேயிருந்து கூப்பிட்டாள். "ஏங்க, இங்க வாங்க. பிள்ளையத் தொட்டுப் பாருங்க."

தொட்டுப் பார்த்தேன். நெற்றி குளிர்ந்திருந்தது. வேர்த்திருந்தது. தெர்மாமீட்டர் தொண்ணூற்றேழைக் காட்டியது.

"நல்ல நாளும் அதுவுமா விட்டுருச்சு பாருங்க" என்றாள் மனைவி. நான்கு நாட்களாக அவள் முகத்தில் இல்லாத ஏதோ ஒன்று திரும்பி வந்திருந்தது. பூஜை விளக்கை ஏற்றிவிட்டு வந்து, மகளின் உச்சியில் மூன்று சொட்டு எண்ணெய் மட்டும் வைத்தாள். குளிக்க வைக்கவில்லை, வெந்நீரில் துண்டை நனைத்து உடம்பைத் துடைத்தாள். ஓரத்தில் மஞ்சள் தடவிய புதுப் பாவாடை சட்டையைப் போட்டுவிட்டாள். மகள் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. கையைத் தூக்கச் சொன்னால் தூக்கினாள், விட்டால் கை தானாக விழுந்தது. முழங்கைக்குக் கீழே ஊசி முனை அளவில் சிவப்புப் புள்ளிகள் இருந்தன. பார்த்தேன். சட்டையின் ஜரிகை உரசியிருக்கும் என்று நினைத்தேன்.

"அம்மா, வயிறு வலிக்குது" என்றாள்.

தீபாவளிக் காலையில் வயிறு வலிக்கிறது என்று ஒரு குழந்தை சொன்னால் எங்கள் வீடுகளில் என்ன செய்வார்கள்? ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிய மருந்துப் பொடியில் வெல்லமும் நெய்யும் சேர்த்து மனைவி முந்தின நாளே லேகியம் கிளறி வைத்திருந்தாள். நெல்லிக்காய் அளவு உருட்டி மகள் வாயில் வைத்தாள். "நாலு நாளா வெறும் வயிறு, வாயுதான். முழுங்கு" என்றாள். மகள் விழுங்கினாள். சிறிது நேரத்தில் வாந்தி எடுத்தாள். வெறும் வயிற்றில் காரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நாங்களே காரணம் சொல்லிக்கொண்டோம். பிறகு அவள் புதுப் பாவாடையோடு சோபாவில் சுருண்டு தூங்கிப்போனாள்.

அவ்வளவு அமைதியான தூக்கம். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஜன்னல் வழியாக அந்தப் பால் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. மனைவி என் பக்கத்தில் வந்து நின்று, "தூங்கட்டும். நாலு நாள் தூக்கம்" என்று கிசுகிசுத்தாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தச் சில நிமிடங்களின் சந்தோஷத்தை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மேல் வீட்டுக்கு ஒரு மாதத்துக்கு முன்னால் குடிவந்த மலையாளப் பெண். ஒரு மருத்துவமனையில் நர்ஸ் என்று மட்டும் தெரியும். பார்த்தால் சிரிப்போம், அவ்வளவுதான். காலை டியூட்டிக்கு இறங்கிக்கொண்டிருந்தார். மனைவி அவசரமாக ஒரு தட்டில் அதிரசமும் முறுக்கும் வைத்துக்கொண்டு கதவைத் திறந்து, "ஒரு நிமிஷம், எங்க தீபாவளி இன்னிக்கு" என்று கூப்பிட்டாள்.

அவர் தட்டை வாங்கிக்கொண்டார். உள்ளே எட்டிப் பார்த்து, "மோளுக்குப் பனி எப்படி இருக்கு சேச்சி?" என்று கேட்டார். படிக்கட்டுச் செய்தி அவருக்கும் எட்டியிருக்கிறது. 'பனி' என்றால் மலையாளத்தில் காய்ச்சல்.

"விட்டுருச்சு! இன்னிக்குக் காலையிலதான். நல்லா தூங்குறா."

அவர் முகம் மாறியது. தட்டைப் படிக்கட்டுக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மகளின் நெற்றியைத் தொடவே இல்லை. நேராக, சில்லிட்டிருந்த பாதத்தைப் பிடித்தார். பிறகு கைவிரல் நகம் ஒன்றை அழுத்திவிட்டு, உதடு அசைய எண்ணினார். நகம் வெளுத்தது வெளுத்தபடியே இருந்தது.

"ராவிலே மூத்திரம் போயோ?" என்றார். நாங்கள் விழித்ததைப் பார்த்து, "யூரின். எப்ப போனா?" என்றார்.

இன்று காலை இல்லை. நேற்று மாலையா? அதுவும் நிச்சயமில்லை.

"இது உறக்கம் இல்ல சேச்சி" என்றார் அவர். குரலை உயர்த்தவே இல்லை. "சேட்டா, வண்டி பிடிங்க. ஆட்டோ வேண்டா, கார். படுக்க வச்சுக் கொண்டு போகணும். இப்பவே."

செருப்பைத் தேடினேன். அப்போதுதான் பிரிட்ஜ் கதவில் இருந்த சீட்டின் கடைசி நான்கு வரிகள் கண்ணில் பட்டன. காய்ச்சல் இறங்கும் நாளிலும் அடுத்த நாளிலும் மிகக் கவனமாக இருக்கவும். வயிற்று வலி, வாந்தி, கை கால் சில்லிடுதல், அசாதாரணத் தூக்கம் ஆகியவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவமனைக்கு வரவும். நான்கும் இருந்தன.

டாக்சி வந்தது. பின் இருக்கையில் மனைவி மடியில் மகளின் தலை. நர்ஸ் கீழே கால் வைக்கும் இடத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, மகளின் பாதங்களைத் தன் சீருடைக்கு மேல் அணைத்து வைத்துக்கொண்டார். காலையில் லேகியம் கொடுத்ததை மனைவி அவரிடம் சொன்னாள். வழியெல்லாம், "மோளே, கண் திற. உன் ஸ்கூல் பேரென்ன? டீச்சர் பேரென்ன? அவங்க நல்லவங்களா, சண்டக்காரியா?" என்று பேசிக்கொண்டே வந்தார். மகள் கண்ணைத் திறக்காமல், "சண்டக்காரி" என்றாள். அது ஒன்றுதான் வந்தது. டிரைவர் பாட்டை நிறுத்தினார். "பையா, ஜல்தி" என்று நான் ஒரு முறைதான் சொன்னேன். வெறிச்சோடிய சாலையில் சிக்னல் விளக்குகள் புகைக்குள் பச்சையாகவும் சிவப்பாகவும் மிதந்தன. அவர் எதற்கும் நிற்கவில்லை.

குழந்தைகள் அவசரப் பிரிவில் நரம்பு கிடைக்கவில்லை. இரண்டு கையிலும் தேடினார்கள், பிறகு காலில் கிடைத்தது. ரத்த அழுத்தம் மிகவும் இறங்கியிருந்தது. அங்கிருந்த இளம் பெண் டாக்டர், கொண்டையில் பேனாவைச் செருகியிருந்தவர், வேகமாக வேலையை முடித்துவிட்டுத்தான் எங்களிடம் பேசினார். ஹிந்தியில்தான் பேசினார். வைரஸ் வெளியேறும் நேரத்தில் சில குழந்தைகளுக்கு ரத்தக் குழாய்ச் சுவர்கள் நெகிழ்ந்துவிடும், உள்ளே இருக்கிற நீர் கசிந்து வயிற்றிலும் நெஞ்சிலும் தேங்கும், ரத்தம் கெட்டியாகும், கைகால் சில்லிடும். "காய்ச்சல் இறங்கினதும் எல்லாரும் மிட்டாய் கொடுக்கிறாங்க. எங்களுக்கு அப்பதான் வேலை ஆரம்பம்" என்றார்.

"பிளேட்லெட் நல்லாத்தான் இருந்தது" என்றேன். தினமும் படிக்கட்டில் ஒப்பித்த எண்ணை அவரிடமும் ஒப்பித்தேன்.

"அதையே பார்த்துக்கிட்டிருந்தீங்களா?" என்றார். குற்றம் சாட்டும் குரல் இல்லை. தினம் பல பேரிடம் கேட்கிற கேள்வி என்று தெரிந்தது. "அடுத்த ஒண்ணரை நாள் தாண்டணும். தாண்டிட்டா பயமில்ல." தாண்டாவிட்டால் என்று நாங்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

நர்ஸ் எங்களை வார்டில் விட்டுவிட்டு, தன் டியூட்டிக்கு மூன்று மணி நேரம் தாமதமாகப் போனார்.

வார்டில் ஒரு கட்டிலுக்கு இரண்டு குழந்தைகள், தலையும் காலுமாகப் படுத்திருந்தார்கள். எல்லோர் கையிலோ காலிலோ ஊசி அசையாமல் கட்டிய ஒரு அட்டையும் அதில் ஒரு குழாயும். குழந்தைகள் நிறைந்த இடத்தில் அவ்வளவு நிசப்தத்தை நான் கேட்டதில்லை. ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே அதே வெள்ளைப் புகை. மகளின் குழாயில் சொட்டு விழுவதை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ண எண்ண, சொட்டுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி நீண்டுகொண்டே போவது போல இருந்தது. மனைவி தீபாவளிப் புடவையை மாற்றவே இல்லை.

மறுநாள் காலை டாக்டர் ஒரு அறிக்கையுடன் வந்தார். "இதுக்கு முன்னாடி எப்ப டெங்கு வந்தது இவளுக்கு?"

"வந்ததே இல்லை" என்றேன்.

"வந்திருக்கு." அறிக்கையில் ஒரு இடத்தைக் காட்டினார். புதிதாக வந்த நோய்க்கு உடம்பு உடனே செய்கிற எதிர்ப்பு ஒன்று. பழைய நோயை நினைவில் வைத்திருந்து வேகமாகக் கிளம்புகிற எதிர்ப்பு இன்னொன்று. அந்த இரண்டாவது, மகளின் ரத்தத்தில் எக்கச்சக்கமாக இருந்தது. "இது ரெண்டாவது தடவை. முதல் தடவை லேசா வந்து போயிருக்கும். இந்த மாதிரி ஊர்ல வளர்ற குழந்தைங்கள்ல நிறையப் பேருக்கு அப்படித்தான். வீட்டுல யாருக்கும் தெரியாது. ரெண்டாவது முறை வேற வகை வைரஸ் வந்தா, சிலருக்கு இப்படி ஆயிடும். எப்பவாவது ரெண்டு மூணு நாள் காய்ச்சல்? கண் வலி? யோசிச்சுச் சொல்லுங்க, கேஸ் ஷீட்ல எழுதணும்."

"இவளுக்குக் காய்ச்சலே வராதுங்க. நல்ல உடம்பு" என்றாள் மனைவி தமிழிலேயே. நான் மொழிபெயர்த்தேன். டாக்டர் தலையசைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

மதியம் மனைவி சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்தாள். நான் போனை எடுத்தேன். நினைவு பொய் சொல்லும், படம் சொல்லாது என்பது எங்கள் அலுவலகப் பாடம். மகளின் படங்களைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனேன். விரல் தள்ளத் தள்ள அவள் சின்னவளாகிக்கொண்டே போனாள். முன்பற்கள் மறைந்தன, திரும்பி வந்தன. முடி குட்டையாயிற்று. ஆறு வயதுக்கு வந்துவிட்டாள்.

அந்த வருட நவராத்திரியில் ஒரு வீடியோ இருந்தது. நாங்கள் வீட்டில் கொலு வைப்போம். படிகளுக்கு முன்னால் ஒரு சிறு பூங்காவும் தெப்பக்குளமும் அமைப்பது என் வேலை. அகலமான ஒரு அலுமினியத் தட்டில் தண்ணீர், சுற்றிலும் மணல், முளைத்த கடுகு, இரண்டு பிளாஸ்டிக் வாத்து. கொலுவை அடுக்கியபின் முடிவுநாள்வரை எதையும் அசைக்கக் கூடாது என்பது வழக்கம். அதனால் தண்ணீரையும் மாற்றுவதில்லை.

போனைக் காதருகே வைத்து, சத்தத்தைக் குறைத்துப் பார்த்தேன். மகள் குளத்தருகே குந்தி உட்கார்ந்திருக்கிறாள். "அப்பா, தேக்கோ! பேபி மச்லி! எவ்ளோ மச்லி!" என்கிறாள். கேமரா குளத்தை நெருங்குகிறது. தண்ணீரில் நூல் துணுக்குகள் போல ஏதோ நெளிகின்றன. மேலே வருகின்றன, கீழே போகின்றன. என் குரல், "ஆமா, மீன் குஞ்சு. கை வைக்காத, கொலு கலைஞ்சிரும்" என்கிறது.

அப்போது அழைப்பு மணி ஒலிக்கிறது. போனை எதன்மேலோ சாய்த்துவைத்துவிட்டுப் போயிருக்கிறேன்; கேமரா நகரவில்லை. கதவு திறக்கும் சத்தம். ஒரு பெண் குரல், கொசு உற்பத்தி இருக்கிறதா என்று தண்ணீர் பார்க்க வந்திருப்பதாக ஹிந்தியில் சொல்கிறது. மாநகராட்சியிலிருந்து டார்ச்சும் பையுமாக வீடு வீடாக வரும் பெண்கள் அவர்கள். கூலர், தொட்டி, பூந்தொட்டி எல்லாவற்றையும் பார்ப்பார்கள். என் குரல், "உள்ளே பூஜை நடக்குது. தண்ணி எதுவும் இல்ல. அப்புறம் வாங்க" என்கிறது. "அச்சா, பையா" என்கிறது அந்தக் குரல். படியிறங்கும் சத்தம். மகள் வாத்தை விரலால் தள்ளுகிறாள். வாத்து நகர, நெளிவுகள் எல்லாம் ஒன்றாகக் கீழே போகின்றன. வீடியோ முடிந்தது.

அலுவலகத்தில் கொசுப்புழுவின் படத்துக்கு எத்தனை முறை வரி எழுதியிருப்பேன்.

மேலும் பார்த்தேன். பத்தொன்பது நாட்கள் கழித்து ஒரு படம். மகள் சோபாவில் படுத்திருக்கிறாள். முகம் சிவந்திருக்கிறது. நெற்றியில் ஈரக் கைக்குட்டை. அப்போது மெல்ல நினைவு வந்தது. இரண்டு நாள் காய்ச்சல். கண்ணை உருட்டினால் வலிக்கிறது என்று சொன்னாள். எங்கே, உருட்டு பார்ப்போம் என்று நாங்கள் சிரித்தோம். மூன்றாம் நாள் பள்ளிக்குப் போனாள். அந்தப் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தேன். படத்தின் கீழே ஒரு வரி: "ஸ்கூல் லீவுக்கு எங்கள் வீட்டு நடிகையின் புதிய நாடகம்." அதற்குப் பதினொரு பேர் சிரித்திருந்தார்கள்.

அந்தத் தட்டில் பிறந்த கொசுதான் அவளைக் கடித்தது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. பள்ளியில் கடித்திருக்கலாம், பூங்காவில் கடித்திருக்கலாம். செய்தியாக வந்தால் 'இருக்கலாம்' என்று மட்டுமே எழுத அனுமதிப்பேன். ஆனால் அந்தப் பெண்ணை வாசலிலேயே திருப்பி அனுப்பிய குரல் யாருடையது என்பதில் சந்தேகமில்லை.

மனைவி விழித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, போனை வாங்கினாள். படத்தையும் வீடியோவையும் இரண்டு முறை பார்த்தாள். பிறகு வீடியோவை ஒரு இடத்துக்குத் தள்ளி, சத்தத்தைக் கூட்டி என் காதில் வைத்தாள்.

"நல்லா கேளுங்க."

என் குரலுக்குப் பின்னால், சமையலறையிலிருந்து தேய்ந்த ஒரு குரல்: "பூஜ நேரத்துல எவ வந்து நிக்கா? அனுப்புங்க."

"உங்க குரல் மட்டும் இல்ல" என்றாள். "அந்தப் படத்துக்கு முதல்ல சிரிச்சதும் நான்தான்." போனை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, மகளின் காலைப் போர்வைக்கு மேலாகவே பிடித்துவிடத் தொடங்கினாள். நான் மறு காலைப் பிடித்தேன். அந்த மதியம் போல எங்கள் திருமண வாழ்க்கையில் அவ்வளவு பக்கத்தில் நாங்கள் உட்கார்ந்திருந்ததே இல்லை.

இருட்டத் தொடங்கியபோது டெல்லியின் தீபாவளி ஆரம்பித்தது. ஜன்னலை மூடியிருந்தும் தூரத்து வெடிச் சத்தம் பஞ்சில் அடிப்பது போலக் கேட்டது. புகைக்குள் சிவப்பு, பச்சை, பொன் நிறங்கள் விரிந்து கரைந்தன. வார்டுச் சுவரிலும் குழந்தைகளின் முகங்களிலும் அந்த நிறங்கள் வந்து வந்து போயின. மகளின் முகம் பச்சையாகி, சிவந்து, பிறகு இருண்டது. அவள் கண் திறந்திருந்தது.

"அப்பா."

குனிந்தேன்.

"சூ சூ வருது."

ஒரு கணம் எனக்குப் புரியவில்லை. மனைவி அதற்குள் பாத்திரத்தை எடுத்துவிட்டாள். முந்நூறு மில்லிக்கு மேல் இருந்தது. மனைவி அதை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, வார்டில் யாருக்கும் தமிழ் தெரியாது என்பதையெல்லாம் மறந்து, "பிள்ள ஒண்ணுக்குப் போயிட்டா! போயிட்டாங்க!" என்று உரக்கச் சொன்னாள். பக்கத்துக் கட்டிலில் ஒரு பீஹார்க்காரத் தாய், மொழி புரியாமலேயே எல்லாம் புரிந்து, கைதட்டினாள். டாக்டர் வந்து அளவைப் பார்த்தார், பாதத்தைத் தொட்டார், நகத்தை அழுத்தினார். நகம் உடனே சிவந்தது.

"தாண்டிட்டா" என்றார்.

"அம்மா, சத்தம் போடாத. ஷரம் ஆத்தி ஹை" என்றாள் மகள். அவளுக்கு வெட்கமாக இருந்ததாம்.

அப்புறம்தான் டாக்டரிடம் அந்தப் பழைய படத்தைக் காட்டினேன். கீழே இருந்த வரியையும் மொழிபெயர்த்துச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அவர் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். கண்டிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"நான் இந்த ஊர்லதான் வளர்ந்தேன்" என்றார். "எங்க அம்மாகிட்டயும் இப்படி ஒரு படம் இருக்கும்." கொண்டையிலிருந்து பேனாவை உருவி, கேஸ் ஷீட்டில் அந்த வருடத்தை எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

நான்கு நாட்கள் கழித்து வீடு திரும்பினோம். மேல் வீட்டு நர்ஸுக்கு என்ன கொடுப்பது என்று மனைவி இரண்டு நாள் யோசித்தாள். புடவையோடும் பழத்தோடும் போய் நின்றபோது, அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "அன்னைக்குப் படியில வச்ச முறுக்கு இருக்கில்லையோ, அதை யாரோ தின்னுட்டாங்க சேச்சி. அது மட்டும் திரும்பச் செஞ்சு தாங்க. லேகியம் வேண்டா" என்றார். மனைவி சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். மறுநாளே மாவு பிசைந்தாள்.

மகளுக்கு இப்போது பதினொரு வயது. மழைக்காலம் முடிந்து பனி இறங்கத் தொடங்கும் மாலைகளில் பால்கனியில் நின்று, கீழே புல்தரையில் விளையாடும் பிள்ளைகளைப் பார்ப்பேன். வெண்மைக்குள் ஓடி மறைந்து, சிரிப்புச் சத்தம் முதலிலும் உருவம் பின்னாலுமாகத் திரும்பி வருவார்கள். இவர்களில் யாருக்குள் எது வந்து, யாரும் அறியாமல் தங்கி, தன் தடத்தை விட்டுப் போயிருக்கிறதோ. மேலே ஜன்னல்களில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடும் பெற்றோருக்கும் அது தெரியாது.

மகள் மூச்சிரைக்க மேலே வந்து, கால் வலிக்கிறது, தலை வலிக்கிறது, நாளை பள்ளிக்குப் போக முடியாது என்பாள். அவள் சொல்வதில் பாதி பொய் என்று எனக்குத் தெரியும். எந்தப் பாதி என்று தெரியாததால் முழுவதையும் நம்பிவிடுகிறேன்.